ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குளியல்

சொர்ணம் ஐந்தாவது முறையாக வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனபோது, அடுப்படி ஜன்னலில் மருமகள் சுசீலாவின் முகம் தெரிந்தது. மணி இன்னும் எட்டு ஆகவில்லை.

"இன்னாத்தே, மறுபடியுமா?"

சொர்ணம் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். கொல்லையில் இரண்டு சின்ன அறைகள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்று குளிக்க, மற்றது மற்றதற்கு. வாளி இரண்டுக்கும் பொது.

"குளிக்கப் போறேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். சொன்ன குற்றத்துக்காக, வந்த வேலை முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போய்க் குளிக்கவும் வேண்டியிருந்தது.

அவளுக்கு அறுபத்தொரு வயது. கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் மனோகரன் ஆவடி ஃபேக்டரியில் வேலை செய்கிறான். சேக்காட்டில் சொந்த வீடு. மூன்று மாதத்துக்கு முன்பு குத்தம்பாக்கத்திலிருந்து சுசீலாவைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுசீலா வீட்டுக்குள் கால் வைத்த மறுநாள் காலையிலேயே சொர்ணம் அவளை உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள்: "எங்க ஊட்ல சுத்தம்தான் மொதல்ல. குளிக்காம அடுப்பாண்ட போவக்கூடாது. கால் கழுவாம உள்ள வரக்கூடாது. நான் ஒரு மாதிரி, தெரிஞ்சிக்க."

அப்படிச் சொன்ன வாயால், "எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தண்ணியாப் போவுதுடி, சில நாள் தாழ்ப்பாள் போடக்கூட நேரம் கெடைக்கல" என்று எப்படிச் சொல்வது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மகன் கல்யாணத்துக்கு முன்பே லேசாக ஆரம்பித்து, இந்த மாதம் முற்றிவிட்ட தொல்லை. ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தாள். மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலக்கினாள். வெந்தயத்தை வாயில் போட்டு அப்படியே விழுங்கினாள். வயிறு எதையும் மதிக்கவில்லை.

மூன்றாம் நாள் சுசீலா கணக்கோடு வந்து நின்றாள்.

"அத்தே, நேத்து பன்னண்டு வாட்டி குளிச்சீங்க. நான் எண்ணினேன். இப்டியே போனா ஜன்னி கண்டுக்கும்."

"அது ஒரு வேண்டுதல்மா."

"யாருக்கு?"

"அம்மனுக்குத்தான். வேற யாருக்கு."

"எதுக்கு வேண்டிக்கினீங்க?"

சொர்ணம் சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கடைசியில் சுசீலாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒனக்குச் சீக்கிரம் ஒரு கொழந்த தங்கணும்னுதான்."

சுசீலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டென்று குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். சொர்ணத்துக்குக் காலை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பின்னுக்கு இழுத்தால் வாளியில் இடித்தது.

சுசீலாவுக்குச் சந்தோஷத்தை அடக்கிவைத்துப் பழக்கமில்லை. அரை மணி நேரத்தில் மதில் சுவர் வழியாக விஷயம் பக்கத்து வீட்டுப் புஷ்பாவுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் புஷ்பா தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் கொல்லைக்குப் போகும் வாசற்படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒனக்குள்ள இவ்ளோ பக்தி கீதுன்னு தெரியாமப் போச்சே. எங்க ஊட்டுக்காரரு லாரி எடுத்துகினு போயி ரெண்டு மாசம் ஆவுது. ஒரு லெட்டர் இல்ல. நாக்பூர்ல கீறாரா, நடுத்தெருவுல கீறாரான்னு கூடத் தெரியல."

சொர்ணத்தின் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அவள் பல்லைக் கடித்தாள்.

"நீயே சொல்லுக்கா. வேற எவளையாவது சேத்துகினாரா?"

சொர்ணத்துக்கு நெற்றி வேர்த்தது. இரண்டு கையிலும் மயிர் கூச்செறிந்தது. கால் விரல்கள் தானாக மடங்கின. மூச்சை இழுத்துப் பிடித்ததில் கண்கள் மேலே செருகிக்கொண்டன. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். புஷ்பா பேச்சை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள்.

"அக்கா?"

"வெள்ளிக்கெழம பேசிக்கலாம்" என்றாள் சொர்ணம் பல்லிடுக்கில். "இப்ப எழுந்துரு."

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. புஷ்பா எழுந்திருக்கவில்லை. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். சொர்ணம் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புஷ்பாவின் புருஷன் லட்சுமணன் லாரியோடு வந்து தெருமுனையில் இறங்கினான்.

அன்று சாயங்காலம் சொர்ணம் வீட்டு வாசலில் பதினான்கு பேர். டிவியில் பாட்டுப் போடுகிற நேரம் என்றுகூடப் பார்க்காமல் வந்திருந்தார்கள். வரிசை வாசலில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, நேராகக் கொல்லை வாசல்வரை நின்றது. சொர்ணம் அதைப் பார்த்ததும் முதலில் நினைத்தது கடவுளை அல்ல, வழியை.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். வயிறு நேரம் கொடுக்காததால் எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள்.

"பொண்ணுக்கு வரன் அமையுமாம்மா?"

"அமையும்."

"எம் புள்ள பரீட்ச பாஸ் ஆவானா?"

"படிச்சா."

"எங்க பங்காளி எங்க மேல கேஸ் போட்டுக்கீறான்மா, அதுல..."

"அடுத்த ஆளு."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். "நம்ம கோயில் கரகம் எடுக்கற திருமுல்லைவாயில் நாகம்மாவும் குறி சொல்றப்ப இப்டித்தான்" என்றாள் புஷ்பா, தன் வீட்டுச் சாமானைப் பற்றிப் பேசுகிற பெருமையோடு. "ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாது. கேட்டவன் முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிடும்."

ஒன்பதாவது ஆளின்போது சொர்ணம் எழுந்தாள். கூட்டம் பிளந்து வழிவிட்டது. அதுவரைக்கும் நல்லது. ஆனால் வழிவிட்டவர்கள் பின்னாலேயே வந்தார்கள். தாழ்ப்பாள் போட்டு அவள் உட்கார்ந்த பிறகு, வெளியே நான்கைந்து பெண்கள் சேர்ந்து குலவை போட்டார்கள். அவள் அடுத்ததாகக் குளிப்பதற்கு மஞ்சள் தண்ணீர் கரைக்கிற சத்தமும் கேட்டது.

சொர்ணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பொம்பளைக்கு இதைவிட மானக்கேடு என்ன இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அழுகைக்கும் சேர்த்துக் குலவை போட்டார்கள்.

மறுநாள் மனோகரன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது அவனிடம் போய் நின்றாள்.

"டேய், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ."

"இன்னாச்சுமா?"

சொன்னாள். சொல்லும்போது சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அப்ப அந்த வேண்டுதல்?"

"மெதுவாப் பேசுடா. ஒம் பொண்டாட்டி காதுல உழுந்துது, அப்பறம் நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன். ஒங்கப்பா மேல சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் பண்ணினான். சுசீலாவிடம் கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே என்னென்ன கேட்டார்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள், எந்தக் குழாயை எங்கே விட்டார்கள் என்பதையெல்லாம் சொர்ணம் பிறகு தன் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். குழாயில் பார்த்ததில் குடல் பளிங்குபோல இருக்கிறதாம். ஒரு துளி சதையை மட்டும் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போனபோது ஒரு டாக்டரம்மா விளக்கினார்.

"இது குடல்ல ஒரு மாதிரி அழற்சி. உள்ள விட்டுப் பாத்தாக் கூடத் தெரியாது. சதையை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சாத்தான் தெரியும். உள்தோலுக்கு அடியில ஒரு பட்டை தடிச்சுப் போயிருக்கு. வயசான பொம்பளைங்களுக்கு அபூர்வமா வரும். எனக்கே நீங்க மூணாவது ஆள்."

"எதனால டாக்டர்?"

"சரியாச் சொல்ல முடியாது. முட்டி வலிக்கு மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"தெனம் ரெண்டு. ரெண்டு வருஷமா."

"அதை இன்னிக்கே நிறுத்துங்க. அதுவும் கிளப்பி விடும். நான் எழுதறதைச் சாப்பிடுங்க. குறையறதுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் இல்ல."

"உயிரு போனா பரவால்ல டாக்டர். மானம் போவுது."

டாக்டரம்மா சிரித்தார். "இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு?"

பத்தடிக்கு ஒரு கழிவறை வைத்துக் கட்டிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் இதையும் சொல்லலாம், இன்னமும் சொல்லலாம் என்று சொர்ணம் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சுசீலாவும் புஷ்பாவும் கேட்டருகில் காத்திருந்தார்கள்.

"கண்ணு டாக்டரு இன்னாத்தே சொன்னாரு?"

சொர்ணம் களைத்துப்போயிருந்தாள். ரயிலில் வந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு முக்கால் யுகம். இதற்கு மேல் புதிதாக ஒரு பொய் கட்ட அவளிடம் தெம்பில்லை. பாதி உண்மையாவது சொல்வோம் என்று நினைத்தாள்.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியலயாம். ஆனா உள்ள ஒண்ணு கீதாம். ஆயிரத்துல ஒருத்தருக்குக் கூட வராதாம். அந்த டாக்டரே மூணு பேரத்தான் பாத்துக்கீறாங்களாம்."

புஷ்பா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "படிச்ச டாக்டரே சொல்லிட்டாங்களா" என்றாள், மெதுவாக, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

மனோகரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் அம்மன் கோயில் தர்மகர்த்தா திருவேங்கடம் தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள் புடவை. சொர்ணத்துக்கு அதைப் பார்த்ததுமே வயிறு பேசியது.

"ஆடி நாலாம் ஞாயிறு கூழ் ஊத்தறோம். கரகம் நீதாம்மா எடுக்கணும்."

"நாகம்மாதான அண்ணே எடுக்கும், வருஷா வருஷம்?"

"அதுக்கு முட்டி போயிட்சி. இருவது வருஷம் எடுத்துது, போதும்னுச்சு. ஒனக்கப்பறம் யாருன்னு கேட்டோம். அம்மனே காட்டுவான்னுச்சு. காட்டிட்டா."

"எனக்கும் முட்டி வலிண்ணே." அது உண்மை. மாத்திரையை நிறுத்தியதிலிருந்து இரட்டிப்பு உண்மை.

"கரகம் தலைல ஏறினா முட்டி பஞ்சாயிடும்."

"நான் தாலி இல்லாதவ."

"நாகம்மாவும்தான் தாலி இல்லாதவ. அம்மன் அதெல்லாம் பாக்கறதில்ல."

"அண்ணே, ஏரிக்கரையிலேருந்து கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவும்."

"ரெண்டு மணி நேரம். பம்பை உடுக்கையோட மெதுவாத்தான் போவோம்."

இரண்டு மணி நேரம். ஊரே பின்னால் வர, தலையில் கரகத்தோடு, நட்ட நடுத் தெருவில். சொர்ணத்துக்கு அந்தக் காட்சி முழுதாகத் தெரிந்தது. அன்றைக்கு ஏதாவது நடந்தால் சேக்காட்டில் இனி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வேறு பெயர் வைத்துவிடுவார்கள். சுசீலாவை அவள் அம்மா வீட்டில் கேலி செய்வார்கள். மனோகரனை ஃபேக்டரி கேன்டீனில் சும்மா விடமாட்டார்கள்.

முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, சுசீலா முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

"எங்கத்தே எடுப்பாங்க. எனக்காக வேண்டிக்கினதே அவங்கதான்."

ஆடி நாலாம் ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பிருந்தே சொர்ணம் கஞ்சித் தெளிவு மட்டும் குடித்தாள். கடைசி நாள் அதுவும் இல்லை. கடும் விரதம் என்று தெரு முழுவதும் பேசிக்கொண்டது. ஆனால் உள்ளே எதுவும் போகாவிட்டாலும் வெளியே அனுப்ப ஏதாவது வைத்திருப்பதுதான் அந்த வியாதியின் குணம்.

ஏரிக்கரையில் கரகத்தைத் தலையில் ஏற்றினார்கள். பித்தளைக் குடம், வேப்பிலை, உச்சியில் எலுமிச்சம்பழம். பம்பைக்காரர்கள் இருவர், உடுக்கைக்காரர் ஒருவர், பின்னால் முந்நூறு பேர். சொர்ணம் ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தாள். முட்டி குத்தியது. அதுகூட நல்லதாகத்தான் இருந்தது, கவனம் அங்கே போனது.

கால் மணி நேரம்தான். அப்புறம் அடிவயிறு மெல்லக் கையைத் தூக்கியது. சொர்ணத்துக்கு வேர்த்தது, நடுங்கியது. பின்னால் "ஓம் சக்தி" என்றார்கள். அவள் மனதுக்குள், தாயே, இந்த ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா ஊடு வந்திட்சி. கரகம் நிக்கட்டும்" என்றார் திருவேங்கடம்.

வழியில் நான்கு வீடுகளில் கரகம் நிற்பது ஊர் வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடிப்பார்கள். கரகத்தை இறக்கி உரல்மேல் வைத்துவிட்டு, எடுத்தவள் மட்டும் தனியாகக் கொல்லைக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வரவேண்டும். யாரும் பின்னால் போகக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பி வரும்வரை பம்பையை ஓங்கி அடிக்க வேண்டும். கூட்டத்தோடு பின்னால் வந்த காலத்தில் சொர்ணமும் வாசலில் நின்று கும்பிட்டிருக்கிறாள். உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

கொல்லையில் அவளுக்கு வேண்டியது இருந்தது. அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. பம்பைச் சத்தத்தில் உலகத்துக்கு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த அமைதியைப் பார்த்து எல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டாவது அப்பாவு வீடு. அங்கேயும் அம்மன் இரக்கம் காட்டினாள்.

மூன்றாவது ராஜசேகரன் வீடு. அந்த வீட்டை நெருங்கும்போது சொர்ணத்துக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் ராஜசேகரனின் மனைவி புடவையோடு தயாராக நின்றாள். ஆனால் திருவேங்கடம் பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நேரமாயிட்சி. இந்த வருஷம் இங்க நிக்க வேணாம். நேரா போ."

மதில் சுவர் தகராறில் ராஜசேகரனோடு அவர் பேசி ஆறு வருடம் ஆகிறது. தர்மகர்த்தா ஆனபிறகு வருகிற முதல் ஆடி இது.

"நிக்கணும்" என்றாள் சொர்ணம்.

அவள் வாழ்நாளில் அப்படி ஒரு குரல் அவளிடமிருந்து வந்ததில்லை. பம்பை நின்றது. உடுக்கை நின்றது. மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"இந்த ஊட்ல நிக்காம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன். வெச்சா, நடக்கறதுக்கு நீதான் பொறுப்பு."

திருவேங்கடத்தின் முகம் வெளுத்தது. அங்கேயே தார் ரோட்டில் விழுந்து கும்பிட்டார். உள்ளேயிருந்து ராஜசேகரன் ஓடிவந்து அவரைத் தூக்கினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மூன்றாவது வீட்டுக் கொல்லையில் சொர்ணமும் கொஞ்சம் அழுதாள், வேறு காரணத்துக்காக.

நாலாவது வீடும் கடந்து, கரகம் கோயில் வந்து சேர்ந்தது. அசம்பாவிதம் எதுவும் இல்லை. கரகத்தை இறக்கியதும் கூட்டம் முழுவதும் காலில் விழுந்தது. சுசீலா செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றி, அதைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் வயிற்றிலும் தடவிக்கொண்டாள்.

சொர்ணத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மனிதர்களிடம் பொய் சொன்னது போதாதென்று அம்மன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டோமே என்று உடம்பு கூசியது. கூழ் ஊற்ற ஆரம்பித்துக் கூட்டம் பாத்திரங்களோடு அந்தப் பக்கம் போனதும், கோயிலுக்குப் பின்னால் போனாள். அங்கே வேப்ப மரத்தடியில் நாகம்மாள் இரண்டு காலையும் நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு. நெற்றியில் எட்டணா அளவு குங்குமம்.

சொர்ணம் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பொய்க்காரி. என்ன மன்னிச்சிடு."

நாகம்மாள் மென்றுகொண்டே பார்த்தாள்.

"எனக்குச் சாமியும் வர்ல, பூதமும் வர்ல. வயித்தால போவுது. கொடல்ல வீக்கமாம், ஆஸ்பத்திரில சதைய எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. மருமவகிட்ட சொல்ல வெக்கப்பட்டுகினு குளிக்கப் போறேன்னேன். அது வேண்டுதலாச்சு, அது சாமியாச்சு, இப்ப கரகம் வரிக்கும் வந்திட்சி. நாலு ஊட்லயும் நான் கால் கழுவப் போவலக்கா. உன் எடத்த அசிங்கம் பண்ணிட்டேன்."

நாகம்மாள் கோபப்படவில்லை. வெற்றிலைச் சாற்றை ஒரு பக்கமாகத் துப்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?"

"பத்து. பன்னண்டு."

"சாப்ட ஒடனே வருதா, கொஞ்சம் பொறுத்தா?"

"ஒடனே."

"ம்." நாகம்மாள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினாள். "மூணாவது ஊட்டாண்ட நீ போட்ட சத்தம் இங்க வரிக்கும் கேட்டுச்சு. அப்பவே நெனச்சேன். அந்த டாக்டரம்மா பேர எனக்கும் எழுதிக் குடு."

"ஒனக்கு எதுக்குக்கா?"

நாகம்மாள் முட்டியில் கையூன்றிச் சொர்ணத்தின் காதருகே குனிந்தாள்.

"நான் எடுக்கறதுக்கு முன்னாடி கரகம் வழியில எங்கயும் நிக்காதுடி. அப்ப இந்த வழியில கக்கூஸ் கட்டின ஊடு நாலே நாலுதான், நாலுலயும் அம்மன நிக்க வெச்சது நான்."